மாடி போர்ஷனுக்கு ஒரு மலையாளி

கொரியப் படங்களில் பாய் கிடையாது. செல்போன் கடை பாய் கொரியப் படங்களை விரும்பிப் பார்க்கத் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

"நம்ம படத்துல பாய்னு ஒருத்தன் வந்தான்னா அவனுக்கு ரெண்டே வேலைதான் சார். ஒன்னு, பாம் வைக்கணும். இல்லன்னா ஹீரோவுக்குப் பிரியாணி போட்டுட்டு இன்டர்வெல்லுக்குள்ள செத்துடணும். கொரியாக்காரன் நம்மள கண்டுக்கறதே இல்ல. நிம்மதியா பாக்கலாம்."

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் அவருடைய கடை. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்குவார். விற்பதற்கென்று வாங்கி வைத்து, நான்கு ஆண்டுகளாக யாரும் விலை கேட்காத பெரிய டிவியில் ஒரு படம் ஓடும். பார்வையாளர்கள் மூன்று பேர். ஒருவர் அவர். இன்னொருவர் நான், ஒரு நாளிதழுக்கு முப்பது ஆண்டுகள் இந்த ஊரிலிருந்து செய்தி அனுப்பி ஓய்வு பெற்றவன். மூன்றாமவர் கடையில் போன் பழுது பார்க்கும் மெக்கானிக்.

மெக்கானிக் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கும் மேலே, கடைசிப் பேருந்து திரும்பும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டிய ஊர். முப்பத்தைந்து வயது. கடையின் பின்பக்கம் ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் குனிந்திருப்பார். மற்ற கடைகளில் செத்துவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்த போன்களைத் தியாகதுருகத்திலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். பாதிக்கு மேல் உயிரோடு திரும்பிப் போகும். கடையின் பெயர்ப்பலகையில் இருந்தது பாயின் குடும்பப் பெயர். கடைக்கு வந்த கூட்டம் மெக்கானிக்கின் கைக்கு வந்த கூட்டம். இது பாய்க்கும் தெரியும்.

நான் சொல்லும் அந்த மாதத்தில் மெக்கானிக்குக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக்குப் படித்தவர். படித்த படிப்பை மலையில் மூன்று ஆண்டுகள் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தவருக்கு ஊரில் ஒரு தனியார் லேபில் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காலை ஆறரைக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். மலையிலிருந்து தினமும் இறங்கி அந்த நேரத்துக்கு வர முடியாது. மெக்கானிக் அதுவரை அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரே அறையில் நான்கு பேரோடு படுத்துக்கொண்டிருந்தார். அங்கே மனைவியையும் மூன்று வயது மகளையும் அழைத்து வர வழியில்லை. ஒன்றாம் தேதிக்குள் வீடு கிடைக்காவிட்டால் வேலை இன்னொரு பெண்ணுக்குப் போய்விடும். லேபில் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்.

பதினோரு வீடு பார்த்தார். எந்த வீட்டிலும் முகத்துக்கு நேரே மறுக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் நாகரிகமானவர்கள். தண்ணீர் கொடுத்தார்கள், குழாயைத் திறந்து காட்டினார்கள், காற்று வரும் ஜன்னலைத் திறந்து காட்டினார்கள். கடைசியில், எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். மலை என்று அவர் சொன்னதும் வீட்டுக்காரர்களுக்கு எங்கிருந்தோ உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்குத் தங்கை துபாயிலிருந்து திரும்பினார். இன்னொருவருக்கு இதுவரை கேள்விப்படாத ஒரு மச்சான் மாற்றலாகி வந்தார்.

"மலைன்னு வாய தொறந்தா போதும் சார்," என்றார் மெக்கானிக். "காலியா கெடக்கற வூட்டுக்கெல்லாம் ஒரு சொந்தக்காரன் பொறந்துடறான்."

பாயின் வீட்டு மாடி போர்ஷன் நோன்புக்கு முன்பிருந்தே காலியாக இருந்தது. 'வீடு வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்' என்ற தாளைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். அதைக் கணினியில் தட்டச்சு செய்து, பிரின்ட் எடுத்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியவர் மெக்கானிக். ஒரு நாளுக்கு நூறு முறை அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார். அவர் கேட்கவில்லை. பாயும் சொல்லவில்லை. அந்தத் தாள் எங்கள் மூவருக்கும் தெரியும்படி, யாரும் படிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை பாய் போட்டது ஓர் அடிதடிக் குற்றப் படம். துறைமுக நகரம் ஒன்றில் பல்வலியோடு அலையும் ஒரு போலீஸ் அதிகாரி. ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மறு கையால் எல்லோரையும் அடிப்பார். எதிரிகள் போன் திருடி விற்கும் கும்பல். அவர்களும் கொரியர்கள்தாம். பாட்டன் காலத்தில் எல்லை தாண்டிப் போய், பேரன் காலத்தில் பிழைக்கத் திரும்பி வந்தவர்கள். ஒரே மொழி, கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். அந்த இழுவை காதில் விழுந்ததும் நகரத்தில் எல்லோரும் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். படத்தில் அந்த இழுவையோடு பேசுகிற ஒருவன்கூட நல்லவன் இல்லை. சூப் விற்கிற ஒரு பெண் கொஞ்சம் நல்லவளாக இருக்கத் தொடங்கினாள். அடுத்த காட்சியிலேயே கொன்றுவிட்டார்கள்.

தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். அந்த இழுவையைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று சென்னையில் ஏதோ ஓர் ஏசி அறையில் யாரோ நிச்சயம் யோசித்திருக்க வேண்டும். யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கும்பல் தலைவன், ஒருவனுடைய விரலைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு சொன்னான்: "இன்னாடா, வூட்டுக்குப் போய்க்கினு இருந்தியா? போ. வெரல மட்டும் வெச்சிட்டுப் போ."

பாய் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடேய்! கொரியாக்காரன் நம்ம கச்சிராயபாளையம் பஸ்ல ஏறின மாதிரி பேசறான்!"

"ரௌடி மட்டும்தான் பாய் அப்பிடிப் பேசறான்," என்றார் பின்னாலிருந்து மெக்கானிக். "போலீஸ்காரன கேளுங்க. ரேடியோ நியூஸ் வாசிக்கற மாதிரி பேசறான். பல்லு வலிச்சா கூட இலக்கணமா வலிக்குது."

கவனித்தோம். உண்மைதான். போலீஸ் அதிகாரி 'என்ன', 'வீடு', 'செல்கிறாயா' என்றார். டாக்டரும் அப்படியே. கொலை செய்கிறவன், கொலைக்குக் கத்தி தீட்டுகிறவன், கத்தியை ஒளித்து வைக்கிறவன் மட்டும் 'இன்னா', 'வூடு', 'கினு'. பாயின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

நடுவே மீன் குடோன் ஒன்றில் நம் பக்கத்து முகம் ஒன்று வந்தது. கருப்பு, மீசை, தலையில் கம்பளிக் குல்லா. பாய் எழுந்தே விட்டார்.

"நிறுத்து, நிறுத்து! இது நம்ம ஆளு!"

மெக்கானிக் ரிமோட்டை அழுத்தினார். உறைந்துபோன முகத்துக்கு முன்னால் நின்று இருவரும் ஆராய்ந்தார்கள். பங்களாதேஷ் என்றார் மெக்கானிக். "மூக்க பாரு, தமிழன்," என்றார் பாய். குல்லாவை வைத்து ஆள் முஸ்லிமாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. கம்பளிக் குல்லா, குளிருக்குப் போட்டது என்று நான் சொன்னேன். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மறுபடி ஓட்டினோம். அவர் ஒரே ஒரு வசனம் பேசினார்: "ஐயோ சார், நான் பார்க்கல சார்." பேசி முடிக்கும்முன் போலீஸ் அதிகாரி ஓர் அறை விட்டார், பெட்டி அடுக்குகள் சரிந்து அவர் மேல் விழுந்தன. அவ்வளவுதான். என் கைக்கடிகாரப்படி பதினோரு விநாடி.

"பாத்தீங்களா சார்," என்றார் பாய், உட்கார்ந்துகொண்டே. "இவ்ளோ தூரம் தப்பிச்சி கொரியாவுக்கு வந்தா, அங்கயும் அடி."

"நீங்கதான பாய் நம்ம ஆளே இல்லன்னு கொறப்பட்டுக்கினு இருந்தீங்க," என்றார் மெக்கானிக். "இந்தாங்க, ஒருத்தன் வந்துட்டான்."

படம் முடிகிற கட்டத்தில் பாய்க்கு நியாய உணர்ச்சி வந்தது. "எனக்கு ஒன்னு புரியல. அந்த எல்லை தாண்டி வந்த சனத்துல ஒரு வாத்தியார் இருக்க மாட்டானா? ஒரு டெய்லர் இருக்க மாட்டானா? அத்தன பேருமா விரல ஒடிச்சிக்கினு திரிவான்?"

மெக்கானிக் திருகாணி ஒன்றைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "படம் எடுக்கறவன் அவங்க தெருவுக்குப் போயா பாத்தான் பாய்? பேப்பர்ல இன்னா வந்திச்சோ அத பாத்து எடுத்திருப்பான்."

அவர் என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன்.

கல்வராயன் மலையைப் பற்றி முப்பது ஆண்டுகளில் நான் இரண்டு செய்திகள் எழுதினேன். இரண்டையும் பலமுறை எழுதினேன். ஒன்று கோடை விழா. அதில் அருவியும் மலர்க் கண்காட்சியும் கலெக்டரும் இருப்பார்கள். மற்றது 'கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு'. இந்த இரண்டாவதற்கு என் கணினியில் ஓர் அச்சு இருந்தது. எத்தனை லிட்டர், எத்தனை பேரல், எந்த ஓடை, யார் தலைமையில் என்ற நான்கு இடங்களைக் காலியாக விட்டு வைத்திருப்பேன். காவல்துறைக் குறிப்பு வந்தால் காலியிடத்தை நிரப்பி அனுப்ப ஆறு நிமிடம் போதும். கூடவே ஒரு படம்: போலீஸார் வரிசையாக நிற்க, பேரல் சாய்ந்திருக்க, முன்னால் ஒரு மலைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அவரை உட்காரச் சொல்கிறவன் போட்டோகிராபர். நின்றால் போலீஸாரை மறைப்பார். செய்தியில் தவறு ஏதும் இருந்ததில்லை. ஊறல் இருந்தது, அழிக்கப்பட்டது, லிட்டர் கணக்கும் ஏறக்குறையச் சரி. அந்த மலையில் ஒருவர் மைக்ரோஸ்கோப் வைத்துப் போன் பழுது பார்க்கப் படிக்கிறார் என்பதற்கு யாரும் குறிப்பு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் அதற்கு என்னிடம் அச்சு இல்லை.

இதற்கெல்லாம் கூலி எங்களுக்கும் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் விஷச் சாராயம் குடித்து ஆட்கள் சாக, நாடு முழுவதும் எங்கள் ஊர்ப் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டது. இப்போது சென்னையில் கள்ளக்குறிச்சி என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு விநாடி நிறுத்தி, "ஓ, அந்த ஊரா?" என்கிறார். சென்னைக்காரர் எங்களைப் பார்ப்பதுபோல நாங்கள் மலையைப் பார்க்கிறோம். மலைக்காரர்கள் திரும்பிப் பார்க்க மேலே இன்னொரு மலை இல்லை.

படம் முடிந்ததும் மெக்கானிக் எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார். "பாய், மேல் போர்ஷன் எங்களுக்குக் குடுங்களேன்."

பாய் ரிமோட்டைப் பார்த்தார். "குடுக்கலாம். குடுக்கறதுக்கு இன்னா. வூட்ல ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

மெக்கானிக் டீ வாங்கப் போனார். பாய் ஷட்டரை இன்னும் ஓர் அடி இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆளு தங்கம் சார். பத்து வருசமா கல்லாவ தொறந்து போட்டுட்டுத் தொழுவப் போறேன். ஆனா வூடுன்னா வேற. சொந்தக்காரங்க வருவாங்க, போவாங்க. யாரு எவன்னு நமக்கு இன்னா தெரியும்? நாளைக்கு வாசல்ல போலீஸ் வந்து நின்னா, என் பேருதான் கெடும். அதுவும் என் பேரு."

"ஏன் போலீஸ் வரும்?"

"நீங்கதான் எழுதினீங்க."

"அது செய்தி."

"நானும் கத வுடல சார். நீங்க எழுதினதத்தான் சொல்றேன்."

சென்னையில் அவருடைய மகனுக்காக அவர் வீடு தேடிய கதையை நினைவூட்டினேன். அவர் அடிக்கடி சொல்லும் கதை, நன்றாகச் சொல்லுவார். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் காட்டி, சாவியைக் கையில் கொடுக்கப் போகும்போது பெயரைக் கேட்டுவிட்டு, "நாங்க வெஜிடேரியன் குடும்பமாத்தான் பார்க்கிறோம்" என்றாராம். சொல்லும்போது வீட்டுக்காரரின் சமையலறையிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்ததாம்.

"அது வேற சார்," என்றார் பாய். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏன், உங்க வூட்டு மாடி கூட காலியாத்தான இருக்குது?" என்றார்.

"புத்தகங்கள் வைத்திருக்கிறேன்."

"வெளக்கு கிளக்கு போட்டு வெக்கிறீங்களா? புத்தகத்துக்குப் பயமா இருக்கப் போவுது."

திரும்பியபோது மெக்கானிக் மூன்று டீயோடு ஷட்டருக்கு வெளியே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரென்று தெரியவில்லை. டீயில் ஆடை படிந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாய் எனக்குப் போன் செய்தார். குரலில் கொண்டாட்டம். வீட்டில் சம்மதித்துவிட்டார்களாம். உடனே கடைக்கு வரச் சொன்னார். போனேன். மெக்கானிக்கை மைக்ரோஸ்கோப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டுவந்து முன்னால் நிறுத்தியிருந்தார்.

"ஒரு பொய் கூட சொல்லல சார், அல்லா மேல ஆணையா. லேப்ல வேல பாக்கற பொண்ணு, புருசன், ஒரு கொழந்த, மலையாளி குடும்பம்னு சொன்னேன். டக்குனு ஓகேன்னுட்டா."

மலைக்காரர்களுக்குச் சாதிச் சான்றிதழில் உள்ள பெயர் மலையாளி. பழங்குடிப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. கேரளத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மலை ஆளுங்க என்போம், அல்லது அதைவிடக் குறைவாக ஏதாவது சொல்வோம். தாலுகா அலுவலகத்துக்கு வெளியே அந்தப் பெயருக்குப் பயன் இல்லை. பாயின் மனைவி கடலூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். பித்தப்பை ஆபரேஷனுக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கேரள நர்ஸ்கள் அவரைத் தாங்கியிருக்கிறார்கள். அன்றுமுதல் கேரளத்தைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம்.

"பாபி இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் மெக்கானிக். பாயின் மனைவியை அவர் அப்படித்தான் அழைப்பார்.

"மலையாளிங்கன்னா ரொம்ப சுத்தம், ரெண்டு வேள குளிப்பாங்கன்னா."

"கேரளான்னு நெனச்சிக்கினாங்களா?"

"நெனச்சா நெனச்சிக்கினு போவட்டும். நானா கேரளான்னேன்? ஒனக்கு வூடு வேணுமா, வேணாமா?"

மெக்கானிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பாய்க்கு உற்சாகம் ஜாஸ்தியாகிவிட்டது. மெக்கானிக்கின் மனைவியைச் சந்தன நிறத்தில் ஒரு சேலை கட்டிவரச் சொன்னார். தலையில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கூடவே வைக்கலாம். குழந்தை அப்பாவைக் கூப்பிடும்போது 'அச்சா' என்று கூப்பிட்டால் நல்லது. புட்டு செய்கிற பாத்திரம் ஒன்று வாங்கி ஜன்னலில் தெரியும்படி வைத்தால் போதும், செய்ய வேண்டியதில்லை.

"போன வாரம் கொரியாக்காரன் எங்க பாஷய பேசினான்," என்றார் மெக்கானிக். "இந்த வாரம் நாங்க கேரளா பாஷ பேசணுமா? இன்னா பாய், எங்களுக்கும் டப்பிங்கா?"

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். மெக்கானிக் சிரிக்கவில்லை. ஒன்றாம் தேதிக்கு அப்போது ஆறு நாள் இருந்தது.

வியாழக்கிழமை வீடு பார்க்கப் போனோம். கூட ஒரு பெரிய மனிதர் வந்தால் மரியாதை என்று பாய் என்னையும் அழைத்தார். மெக்கானிக்கின் மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சந்தன நிறச் சேலை இல்லை. நீலத்தில் ஒரு சுடிதார். காலை முதல் பேருந்தில் குழந்தையோடு இறங்கி வந்திருந்தார். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வகையில் 'அச்சா' பிரச்சினை தீர்ந்தது.

மாடி நல்ல மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட இடம். பாயின் மனைவி சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் திறந்து காட்டினார். தண்ணீர் வரும் நேரம் சொன்னார். கீழே வந்து உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். குழந்தைக்கு ஒரு தலையணை எடுத்துவந்து போட்டார். அன்பானவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு ஆசையாகக் கேட்டார்: "கேரளாவுல உங்களுக்கு எந்த ஊரும்மா?"

பாய் மின்விசிறியைப் பார்த்தார். மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். நான் என் டீயைப் பார்த்தேன். முப்பது ஆண்டுகள் செய்தி அனுப்பியவன் நான். நாளிதழில் தவறு வந்தால் மறுநாள் ஒரு மூலையில் நான்கு வரி 'திருத்தம்' வெளியிடுவோம். அன்று அந்த அறையில் அந்த நான்கு வரிக்கு இடம் இருந்தது. என்னிடம் வரி இல்லை.

"கேரளா இல்லீங்க," என்றார் அந்தப் பெண். "எங்களுக்குக் கல்வராயன் மல. வெள்ளிமலைக்கு மேல. சர்ட்டிபிகேட்ல மலையாளின்னு போட்டிருக்கும். மலைய ஆளறவங்கன்னு அர்த்தமாம்." குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார். "ஆளறதெல்லாம் ஒன்னும் இல்லீங்க. வாடகைக்கு வூடு தேடிக்கினுதான் இருக்கறோம்."

பாயின் மனைவி கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க மலையாளின்னீங்க."

"அதான அவங்க பேரு."

"மலைன்னா... அந்த சாராயம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தட்டில் இருந்த பிஸ்கட்டை இன்னும் ஓர் அங்குலம் விருந்தாளிகள் பக்கம் தள்ளி வைத்தார்.

"காய்ச்சறவங்களும் இருந்தாங்க," என்றார் அந்தப் பெண், அதே குரலில். "குடிச்சவங்க கீழதாங்க இருந்தாங்க. அவங்களுக்கெல்லாம் வூடு இருக்குது."

மெக்கானிக் "ஏய்" என்றார் மெதுவாக. யாரும் கோபப்படவில்லை. பாயின் மனைவி முகம் சிவந்து, பிறகு சரியாகி, ஒரு வாரம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வாரம் என்பது ஒன்றாம் தேதியைத் தாண்டி விழும். எழுந்தோம். சாவி அவர் கையிலேயே இருந்தது.

தெருவில் நால்வரும் நடந்தோம். பாய், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிறவரைப்போலக் கொஞ்சம் பின்தங்கி வந்தார். குழந்தை அப்பாவின் தோளுக்கு மாறியிருந்தது. முனையில் அந்தப் பெண் என் பக்கம் வந்தார்.

"சார், உங்க வூட்டு மாடில இன்னா சார் இருக்குது?"

"புத்தகங்கள். பழைய பேப்பர்."

"அதுங்களுக்கும் காலைல ஆறரைக்கு வேலைக்குப் போவணுமா?"

மெக்கானிக் வேகமாக நடந்து முன்னால் போய்விட்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததா, கூச்சமா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான், அது பாய் சொன்ன அதே வாக்கியம் என்பது காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கும் விழுந்திருக்க வேண்டும். "கேளுங்க சார். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குத்தான் போறோம்," என்றார்.

வீட்டில் கேட்டேன். யார் என்றார் என் மனைவி. செல்போன் கடை மெக்கானிக், லேபில் வேலை பார்க்கப் போகிற மனைவி, ஒரு குழந்தை, கல்வராயன் மலைக்காரர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். 'மலையாளி' என்ற சொல்லைத் தவிர்த்தேன்.

"அந்த ஆளா? என் போன சரி பண்ணிக் குடுத்தாரே, அவரா?" என்றார். "ஒரு மாசமா அலையறாருன்னு நீங்கதான சொன்னீங்க? மாடியப் பத்தி ஏன் வாயே தொறக்கல?"

நீ ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று நினைத்தேன் என்றேன்.

"என்னயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். 

ஐந்தரைக்குப் பேருந்து நிலையம் போய்ச் சொன்னேன். நன்றி என்று அவர்கள் சொல்லவில்லை. எந்த நாளில் புத்தகங்களை இறக்கலாம் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து, நானும் அவருமாகப் படியில் பன்னிரண்டு முறை ஏறி இறங்கினோம். பாயும் வந்தார். பெரிய டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து மாடியில் வைத்தார். விற்காத டிவி, குழந்தை பார்க்கட்டும் என்றார். வெள்ளிக்கிழமைப் படங்கள் அத்தோடு நின்றன. ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பாயின் மாடியில் பிறகு ஒரு குடும்பம் வந்தது. கேரளத்துக்காரர்களே, ரப்பர் வியாபாரம். பாயின் மனைவிக்கு முதலில் பெருமை. இரண்டு வேளை குளிக்கிறார்களாம், அதனால் டேங்கில் தண்ணீர் நிற்பதில்லையாம்.

பழைய பேப்பர்களை நான் தனியாகக் கட்டி வைத்திருந்தேன். என் செய்திகள் வந்தவை மட்டும். எடைக்குப் போட மனம் வரவில்லை. வேண்டுமானால் அலமாரியில் விரிக்க எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு கட்டைக் கொடுத்தேன், எந்தக் கட்டு என்று பார்க்காமல்.

ஒரு மாதம் கழித்து, குழாய் ஒழுகுகிறது என்று மேலே கூப்பிட்டார்கள். சமையலறைக்குள் போனேன். அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் பேப்பர் விரித்திருந்தது. டப்பாக்கள் வரிசையாக இருந்தன. சாமை டப்பாவுக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் இடையில் ஒரு தலைப்பு தெரிந்தது. தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை. கீழே படமும் இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவரின் முகத்தில் எண்ணெய் ஊறியிருந்தது.

"அந்தத் தாளை வேண்டுமானால் மாற்றிவிடலாம்," என்றேன். "வேறு கட்டு இருக்கிறது."

அந்தப் பெண் லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தலைப்பின் மேல் புளி டப்பாவை நகர்த்தி வைத்தார்.

"இருக்கட்டும் சார். மேல டப்பா வெச்சா தெரியாது."